டெமோவில் கேட்ட நாதஸ்வரமும் கையில் வந்த டோனும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக அதைச் சுருக்கித் திருப்பிச் சொல்கிறேன். நீங்கள் புதுக்குடியிருப்பில் இருக்கிறீர்கள். கையில் இருப்பது யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்600 கீபோட். வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒருவரிடம் நாதஸ்வரம், தவில், உறுமி டோன்களும் (கீபோட்டில் ஏற்றுகிற வாத்தியச் சத்தங்கள்) இருபது ஸ்டைலும் (தானாக ஓடும் தாளப் பின்னணி) அடங்கிய தொகுப்பு ஒன்றை 12,500 ரூபாவுக்கு வாங்கினீர்கள். அவருடைய டெமோ வீடியோவில் கேட்டது வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று கேட்கிற நாதஸ்வரம். உங்கள் கீபோட்டில் ஏற்றியபோது வந்தது திருவிழாக் கடை ஊதுகுழல். அவருடைய வீடியோவில் இருந்து கொஞ்சம், நீங்கள் அதே சினிமாப் பாட்டை வாசித்தது கொஞ்சம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து யூடியூப்பில் போட்டீர்கள். நாலாம் நாள் வீடியோ இல்லை, கொப்பிரைட் (பதிப்புரிமை) என்று ஒரு அறிவிப்பு. “என் டோனை வாசித்து வீடியோ போட உனக்கு உரிமை இல்லை” என்று அவர் வட்ஸ்அப்பிலும் எழுதியிருக்கிறார். உரிமை யாருக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, நீங்கள் உண்மையில் கேட்பது அதற்கும் அடியில் இருக்கிற கேள்வி: ஏமாந்ததை வெளியில் சொன்னவனுடைய வாயை அடைக்க ஏமாற்றியவருக்குச் சட்டம் உதவுமா?

நான் கிளிநொச்சியில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கீபோட் வாசிக்கிறேன். கலியாண வீடு, கோயில் மேடை, தேவாலயம் எல்லாம்தான். பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன், டோன் செய்கிறேன். சட்டத்தரணி அல்ல. கீழே சொல்லப்போகும் ஒரு சம்பவத்துக்காக இரண்டு சட்டங்களை ஒரு சட்டத்தரணியோடு இருந்து வரிவரியாக வாசித்தவன், அவ்வளவுதான். ஆகவே சத்தத்தைப் பற்றிச் சொல்வதை என் கையால் செய்து பார்த்தது என்று எடுங்கள். சட்டத்தில் நேரே எழுதியிருப்பதை எழுதியிருக்கிறது என்றே சொல்வேன். இழுபறியாக இருப்பதை இழுபறி என்று சொல்வேன்.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். கொப்பிரைட் ஒரு விஷயம், ஏமாற்று டெமோ வேறொரு விஷயம். இரண்டுக்கும் சட்டம் வேறு, காட்ட வேண்டிய சான்றும் வேறு. அந்த ஒலிகளை அவரே பதிவு செய்திருந்தால் பதிவில் அவருக்கு உரிமை உண்டு. அந்த ஒலியைப் பற்றி வாங்குகிறவருக்கு அவர் என்ன சொன்னார் என்பதைப் பதிப்புரிமை காப்பாற்றாது. காசு கொடுத்து வாங்கிய டோனில் நீங்கள் வாசித்த வாசிப்பு உங்களுடையது. ஆனால் உங்கள் வீடியோவுக்குள் வேறு இரண்டு பேருடைய பொருளும் இருந்தது: அவருடைய டெமோத் துண்டும் சினிமாப் பாட்டும். அதனால் வீடியோவை எடுக்க வைத்தது அவர்தானா என்பதே இன்னும் உறுதியில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சத்தம் ஏன் மாறியது என்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் முறைப்பாடு நிற்பதும் விழுவதும் அதில்தான். தொகுப்பு முழுவதும் 3 எம்பி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு எண்ணே எனக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. சாதாரண சீடித் தரத்தில், அதாவது விநாடிக்கு 44,100 அளவீடு, 16 பிற் கணக்கில், மோனோவாக (ஒரே தடமாக) எடுத்தால் ஒரு விநாடிக்கு 88,200 பைற் வேண்டும். நாதஸ்வரத்தின் வீச்சு ஏறத்தாழ இரண்டரை ஸ்தாயி, அதாவது முப்பது கட்டை. கட்டைக்கு ஒன்றாக நாலு விநாடி எடுத்தாலே 120 விநாடி, பத்து எம்பிக்குக் கொஞ்சம் கூட. அதுவும் ஒரே ஒரு பலத்தில் ஊதியது மட்டும். உங்களுக்கு வந்த 3 எம்பியில் மூன்று வாத்தியத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 34 விநாடிச் சத்தம்தான் அடங்கும். கோப்பைச் சுருக்கி வைக்கிற முறைகள் உண்டு, ஆகவே இது துல்லியமான அளவுகோல் அல்ல. என்றாலும் இந்த அளவில் நாதஸ்வரத்துக்கு இரண்டு மூன்று சாம்பிள்தான், அதாவது பதிந்து வைத்த ஒலித்துண்டுதான், இருக்கும் என்று துணிந்து சொல்வேன்.

இரண்டு மூன்று சாம்பிளை முப்பது கட்டைக்கு இழுத்தால் என்ன நடக்கும்? கட்டை மேலே போகப் போக அந்தச் சாம்பிள் வேகமாக ஓடும். ஒரு ஸ்தாயி மேலே போனால் இரட்டை வேகம். விநாடிக்கு ஐந்து தரம் அசைந்த சுரம் பத்துத் தரம் நடுங்கும். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியின் கரகரப்பும் அதோடு மேலே ஏறிக் கீச்சென்று கேட்கும். ஊதுகுழல் போலக் கேட்டது உங்கள் காதின் பிழையல்ல.

இன்னொன்றும் உண்டு. நாதஸ்வரத்தில் ஏழு விரல் துளைகள்தான். ஆனால் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, வருவது துளையை அரைகுறையாக மூடுகிற விரலாலும் மூச்சாலும் உதட்டாலும். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் அது வழுக்கிக்கொண்டு போகும். கீபோட்டில் ஒரு கட்டைக்கு ஒரு சுரம், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் படி. அந்த வழுக்கலைப் பிச் பென்ட் சில்லால்தான் கொண்டுவர வேண்டும், அல்லது ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும்படி வைத்து, சுரத்தில் இருந்து சுரத்துக்கு வழுக்குகிற போர்டமெண்டோ போட வேண்டும். பென்ட் எல்லை பெரும்பாலும் இரண்டு அரைச்சுரத்தில் நிற்கும். அதைக் கூட்டி, இடது கைப் பெருவிரலைப் பழக்க மாதக்கணக்கு வேண்டும். இதில் நான் விற்றவர் பக்கமும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். எட்டு வருடம் வாசித்தவர் கையில் நல்லாக இருக்கிற டோன் எட்டு மாதம் வாசித்தவர் கையில் மொட்டையாகத்தான் கேட்கும். அது ஏமாற்று அல்ல. டெமோவில் அவருடைய இடது கையைப் பாருங்கள். சில் அசைகிறதா? சில் அசையாமல் கமகம் கேட்டால், அந்தக் கமகம் சாம்பிளுக்குள்ளேயே ஊதி வைத்ததாக இருக்கும், அல்லது அந்தச் சத்தம் கீபோட்டில் இருந்தே வரவில்லை. ஒரே பிடி ஒவ்வொரு தரமும் மயிரிழை மாறாமல் வந்தால் அதுவும் முன்கூட்டி ஊதி வைத்த துண்டு.

சத்தம் கீபோட்டில் இருந்தே வரவில்லை என்பது பெரிய வார்த்தை, ஆனால் நடக்கிறது. கீபோட்டை யூஎஸ்பி கேபிளால் லாப்டொப்பில் பூட்டி, லாப்டொப்பில் இருக்கிற பல ஜிபி ஒலி நூலகத்தை வாசிப்பார்கள். கமரா கீபோட்டை மட்டும் காட்டும். பார்க்கிறவர் கீபோட்டில் இருந்து வருகிறது என்று நினைப்பார். இன்னொரு வழி, பெரிய மொடலில் வாசித்துச் சின்ன மொடலுக்கு விற்பது. உங்கள் விஷயத்தில் டெமோ எஸ்எக்ஸ்900 என்ற பெரிய மொடலில் செய்யப்பட்டிருக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். அந்த மொடலில் வெளியில் இருந்து ஏற்றுகிற விரிவாக்கத் தொகுப்புக்கு ஏறத்தாழ 1 ஜிபி இடம். உங்கள் 600இல் ஏறத்தாழ 100 எம்பிதான். ஆகவே 900க்குச் செய்ததை 600க்கு அப்படியே தர முடியாது, வெட்டித்தான் தர வேண்டும். வெட்டியதை விற்பதில் குற்றமில்லை. வெட்டாததை வாசித்துக் காட்டி, கீழே “எஸ்எக்ஸ்600க்கும் பொருந்தும்” என்று எழுதி, வெட்டியதைக் கொடுத்தால் அங்கேதான் பிரச்சினை.

எல்லா மெருகும் பொய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கீபோட்டின் லைன் அவுட் துளையில் கேபிள் பூட்டி நேரே பதிந்ததால் கட்டைச் சத்தம் கேட்காமல் சுத்தமாக இருப்பது, கொஞ்சம் ரிவேப் (எதிரொலி), கொஞ்சம் ஈக்யூ (கனதியும் கூர்மையும் சீர்செய்வது), இவை கடையில் சேலையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டுவது போல. நானும் செய்வேன். உங்கள் கீபோட்டின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டு, அவர் மிக்சர் வழியே பதிந்ததோடு ஒப்பிட்டால் அந்த ஒப்பீடும் நியாயமில்லை. நீங்களும் லைன் அவுட்டில் இருந்து பதிந்துதான் ஒப்பிட வேண்டும். உங்கள் வீடியோவில் நீங்கள் போனை ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை முறைப்பாட்டில் சான்றாகக் கொடுத்தால் அவர் முதலில் பிடிக்கும் பிடி அதுவாகத்தான் இருக்கும். திரும்பப் பதியுங்கள்.

டெமோ என்ற சொல் எனக்கு ஒரு பழைய வலி. 2002இல் ஏ9 பாதை திறந்தபிறகு, 2003இல், என் முதல் கீபோட்டை ஒரு பட்டணத்துக் கடையில் வாங்கினேன். அதுவரை பொருளாதாரத் தடைக்குள் இருந்த எங்களுக்கு மின்சாரமே இல்லை, பற்றறிகூடத் தட்டுப்பாடு. ஆர்மோனியத்தில் பழகிய கை. கடைக்காரர் டெமோ என்ற பொத்தானை அமத்தினார். பியானோ, வயலின், டிரம் எல்லாம் சேர்ந்து பொழிந்தது. நான் உருகிப் போனேன். அது தொழிற்சாலையில் பல தடத்தில் எழுதி வைத்த இசைக்கோப்பு, இரண்டு கையால் யாரும் அப்படி வாசிக்க முடியாது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் வந்து பார்த்தால் கட்டைக்கு ரச் ரெஸ்பொன்ஸ் இல்லை. மெல்ல அமத்தினாலும் பலமாக அமத்தினாலும் ஒரே சத்தம். அம்மா சங்கிலியை அடகு வைத்த காசு அது. அதற்குப் பிறகு இன்றுவரை நான் ஒரு கீபோட்டையோ டோனையோ பாட்டு வாசித்துப் பார்த்து வாங்கியதில்லை. ஸ்டைலை நிற்பாட்டி, ரிவேப்பைப் பூச்சியமாக்கி, கீழ்க்கட்டையில் இருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையாக, முதலில் மெல்ல, பிறகு பலமாக, ஒவ்வொன்றையும் அது ஓயும்வரை பிடித்துப் பார்ப்பேன். சாம்பிள் மாறுகிற இடம், இழுபடுகிற இடம், சுற்றிச் சுற்றி வருகிற இடம் எல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இணையத்தில் விற்பவரிடமும் இதையே கேளுங்கள்: “என் மொடலில், திரை தெரிய, கேபிள்கள் தெரிய, வெட்டாமல் ஒரே எடுப்பாக, இப்படி ஒரு நிமிடம் வாசித்து அனுப்புங்கள்.” நேர்மையானவர் அன்றைக்கே அனுப்புவார்.

இனிச் சட்டம். ஏமாற்று டெமோவுக்கு உரியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். வியாபாரி தன் வியாபாரத்தில் மக்களைத் தவறாக வழிநடத்துகிற அல்லது ஏமாற்றுகிற நடத்தையில் ஈடுபடக்கூடாது என்று 30ஆம் பிரிவு சொல்கிறது. பொருளின் தரம், தன்மை பற்றிய பொய்யான கூற்றை 31ஆம் பிரிவு தடுக்கிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்தக் காலக்கெடுவை நினைவில் வைத்திருங்கள், எங்கள் ஆட்கள் பெரும்பாலும் கோபம் ஆறிய பிறகுதான் கடிதம் எழுதத் தொடங்குகிறார்கள். அதிகாரசபையின் இலக்கம் 1977. பதிப்புரிமையையும் உள்ளடக்கிய புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவும் பொருள் பற்றி மக்களைத் தவறாக எண்ணவைக்கிற செயலை நேர்மையற்ற போட்டி என்கிறது. ஆனால் அது பெரும்பாலும் வியாபாரிக்கும் வியாபாரிக்கும் இடையில் உதவுகிற ஏற்பாடு, உங்களுக்கு முதலாவதே போதும்.

இழுபறியான இடமும் இருக்கிறது. பென்ட்ரைவில்கூட வராமல் வட்ஸ்அப்பில் வந்த டோன் கோப்பைப் பொருள் என்பதா, சேவை என்பதா, இடைக்கிடை வீட்டில் இருந்து விற்கிறவரை வியாபாரி என்பதா என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். என் எண்ணம், தொடர்ந்து விளம்பரம் போட்டு, விலை போட்டு, வங்கிக் கணக்கு இலக்கம் கொடுத்து விற்பவர் வியாபாரிதான். விற்றவர் வெளிநாட்டில் இருந்திருந்தால் இந்த வழி நடைமுறையில் அடைபட்டிருக்கும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது வீடியோ. முதல் வேலையாக யூடியூப் அறிவிப்பைத் திறந்து, உரிமை கோரியவர் பெயரைப் பாருங்கள். அங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, கொன்ரென்ற் ஐடி என்ற தானியங்கி முறை. பெரிய இசை நிறுவனங்கள் தங்கள் பாட்டுகளை அதில் கொடுத்து வைத்திருக்கும். அது பதிவை மட்டுமல்ல, மெட்டையும் கண்டுபிடிக்கும். அப்படி வந்தது கோரிக்கை மட்டும், உங்கள் கணக்குக்குக் கறுப்புப் புள்ளி அல்ல. ஆனால் வீடியோவை மறைக்க அந்த நிறுவனத்தால் முடியும். வீட்டில் இருந்து டோன் விற்கிற ஒருவருக்கு அந்த முறை கிடைப்பதில்லை. மற்றது, ஒருவர் படிவம் நிரப்பி அகற்றச் சொல்வது. அதுதான் ஸ்ரைக். 90 நாளில் காலாவதியாகும், அதற்குள் மூன்று சேர்ந்தால் கணக்கே போகும். அறிவிப்பில் இசை நிறுவனத்தின் பெயர் இருந்தால், டோன் விற்றவர் உங்களை வெருட்டியது உண்மையாக இருக்கலாம், ஆனால் வீடியோவை எடுத்தது அவர் அல்ல. தெரியாமல் அவரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். நாங்கள் நியாயம் கேட்டுப் போகிற இடத்தில் ஒரு சொல்கூடப் பிழையாக இருக்கக் கூடாது.

அவருடைய பெயரே இருந்தால், அவர் எதைச் சொல்லி எடுக்க வைத்தார் என்று பாருங்கள். “என் டோனை வாசித்தார்” என்பது மட்டும் காரணமென்றால் அது நிற்காது என்பது என் உறுதியான கருத்து. யமஹா தன் கைநூல்களிலேயே இதைப் பிரித்து எழுதியிருக்கிறது: கீபோட்டுக்குள் இருக்கிற ஸ்டைல், ஒலி ஆகியவற்றை அப்படியே பிரதி எடுத்துப் பரப்பக்கூடாது, ஆனால் அவற்றைக் கொண்டு நீங்கள் வாசித்த வாசிப்பைப் பதிந்து பரப்ப அனுமதி கேட்கத் தேவையில்லை. ஒலி நூலகங்களின் உரிமங்களும் பெரும்பாலும் இந்த வழியில்தான் இருக்கும். உங்களுக்கு விற்றவர் எழுத்தில் வேறு நிபந்தனை எதுவும் போடவில்லை. ஆகவே வாசிக்கத்தான் விற்றார் என்றே எடுக்க வேண்டும்.

அவருடைய டெமோவில் இருந்து எடுத்த துண்டு வேறு விஷயம். அந்த வீடியோ அவருடைய ஆக்கம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை, ஆக்கியவுடனே உரிமை வந்துவிடும். ஆனால் அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு விமர்சனம், கருத்துரை, கற்பித்தல் போன்றவற்றுக்கு நியாயமான பாவனையை அனுமதிக்கிறது. என்ன நோக்கம், எவ்வளவு எடுத்தீர்கள், அவருடைய சந்தைக்கு என்ன பாதிப்பு என்று நிறுத்துப் பார்ப்பார்கள். இங்கே கவனியுங்கள், உங்கள் விமர்சனம் சரியாக இருப்பதால் அவருக்கு வியாபாரம் குறைவது ஒன்று, அவருடைய வீடியோவுக்குப் பதிலாக உங்களுடையதைப் பார்ப்பதால் குறைவது வேறு. பாதிப்பு என்று எண்ணுவது இரண்டாவதைத்தான் என்பது இந்தச் சிந்தனை பிறந்த அமெரிக்க நீதிமன்றங்களின் நிலைப்பாடு. நீங்கள் எடுத்தது எட்டு விநாடி. என் கண்ணுக்கு அது நியாயமான பாவனைதான், ஆனால் தீர்ப்புச் சொல்லவேண்டியவர் நீதிபதி.

யூடியூப்பில் எதிர் அறிவித்தல் கொடுக்க வழி உண்டு. கொடுத்தால் அமெரிக்க வேலை நாள் கணக்கில் பத்து நாளுக்குள் அவர் வழக்குத் தொடுத்ததைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ திரும்ப வரும். ஆனால் உங்கள் முழுப்பெயரும் விலாசமும் அவருக்குப் போகும், அமெரிக்க நீதிமன்ற நியாயாதிக்கத்தை ஏற்பதாகவும் கையொப்பமிட வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைச் செய்யமாட்டேன். ஸ்ரைக்கை மீளப்பெறும்படி ஒரு மரியாதையான கடிதம் எழுதிவிட்டு, டெமோத் துண்டும் சினிமாப் பாட்டும் இல்லாமல், கட்டை கட்டையாக வாசித்து, கோப்பின் அளவைத் திரையில் காட்டி, புதிய வீடியோ ஒன்று செய்வேன். அதில் பிடிக்க அவருக்கு ஒரு நூலும் இருக்காது. சொல்ல வேண்டியதும் இன்னும் பலமாகச் சொல்லப்படும்.

பாட்டு என்றவுடன் ஒரு பக்கப் பேச்சு. சினிமாப் பாட்டுத்தான் சிக்கல், பக்திப் பாட்டு எல்லாம் பொது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனையும் தேவாரமும் திருப்புகழும் பொதுவே. ஆனால் பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். இந்தியக் கணக்கில் மறைவுக்குப் பின் 60 வருடம், ஆகவே 2033 முடியும்வரை அவருடைய பாட்டுகளுக்கு உரிமை உண்டு. எங்கள் சட்டத்தில் அந்தக் காலம் 70 வருடம். இலங்கை 1959 முதல் பதிப்புரிமைக்கான சர்வதேச பேர்ண் உடன்படிக்கையில் இருப்பதால் இந்திய ஆக்கங்களுக்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு. 2017இல் இளையராஜா, தன் பாட்டுகளை மேடையில் பாடுவது பற்றி எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் அறிவித்தல் அனுப்பியபோது எங்கள் இசைக்குழுக்காரர் எல்லோரும் அதிர்ந்து போனோம். எங்கள் ஊர்த் திருவிழா மேடையில் அனுமதி கேட்டு யாரும் வாசித்ததை நான் கண்டதில்லை. ஆனால் கேட்கிற வழக்கம் இல்லாததால் உரிமை இல்லாமல் போகாது. சோதனை வீடியோவுக்கு ஒரு தேவார அடியை வாசித்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இப்போது உங்களை வெருட்டியவருக்கே திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி. அந்த நாதஸ்வரத்தை ஊதியது யார்? அந்தத் தவிலை வாசித்தது யார்? அவரே கலைஞர்களை அழைத்துப் பதிந்திருந்தால் ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் என்ற உரிமை அவருக்கு உண்டு, 50 வருடம். வேறு நிறுவனத்தின் நூலகத்தில் இருந்து உருவி எடுத்திருந்தால் அவருக்கே அதை விற்க உரிமையில்லை. இரண்டு விநாடிதானே எடுத்தேன் என்று சொல்வதும் பாதுகாப்பான பதில் அல்ல. ஜெர்மனியில் கிராஃப்ட்வெர்க் குழுவின் பதிவில் இருந்து ஏறத்தாழ இரண்டு விநாடித் தாளத்தை எடுத்த வழக்கில், காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றினாலொழிய மிகச் சிறிய துண்டும் பிரதிதான் என்று 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுகிறது. ஒலியை எடுக்காமல் அதே மாதிரி இன்னொருவர் புதிதாக வாசித்துப் பதிந்தால் அது ஒலிப்பதிவு உரிமை மீறல் அல்ல என்று அமெரிக்கச் சட்டம் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது.

நான் சட்டம் வாசிக்கக் காரணமான சம்பவம் இதுதான். எங்கள் பக்கத்துத் தவில்காரர் ஒருவர், எனக்கு அண்ணை முறை. ஒரு கோயில் திருவிழாவில் ஒலிப்பதிவுக்கு வந்தவர் “மைக்கைச் சரிபார்க்க வேணும், ஒவ்வொரு சொல்லாக அடியுங்கோ” என்று கேட்டார். அண்ணை தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரலாலும் இடப்பக்கமான தொப்பியில் கழியாலும் ஒவ்வொரு சொல்லாக, அதாவது ஒவ்வொரு அடியாக, அரை மணித்தியாலம் அடித்துக் கொடுத்தார். அடுத்த வருடம் விசுவமடுவில் ஒரு கலியாண வீட்டில் கீபோட்காரர் ஒருவர் தவில் டோன் வாசித்தபோது அண்ணை சாப்பாட்டுப் பந்தியில் இருந்து எழும்பி வந்தார். “இது என்ரை தொப்பி” என்றார். அந்த வருடம் அவருடைய தொப்பித் தோல் ஓரத்தில் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தார். அந்த ஒட்டின் அதிர்வு அந்த டோனில் அப்படியே இருந்தது. அந்தத் தொகுப்பு காசுக்கு விலைப்பட்டுக்கொண்டிருந்தது. அண்ணைக்கு ஒரு சதம் வரவில்லை, பெயர்கூட இல்லை. மேளக்காரரைக் குறைத்துக் கீபோட்டில் தவில் வாசிக்க அந்த டோன்தான் உதவியது என்பதை நினைத்தால் இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆற்றுகையாளரின் அனுமதி இல்லாமல் அவருடைய ஆற்றுகையைப் பதிவாக்கவோ அந்தப் பதிவைப் பிரதி செய்யவோ முடியாது என்று புலமைச் சொத்துச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஒற்றை ஒற்றையாக அடித்த சொற்கள் ஆற்றுகை ஆகுமா என்பதுதான் எங்களைத் தடுத்த கேள்வி. சட்டத்தரணி இரண்டு பக்கமும் வாதிடலாம் என்றார். இத்தகைய வழக்குகள் போகிற இடம் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம். அண்ணை கையை விரித்துவிட்டார். பிறகு நானும் அவரும் இருந்து எங்களுக்கென்று ஒரு தவில் தொகுப்பைப் பதிந்தோம். ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதி, விற்பதில் பாதி அவருக்கு என்று கையொப்பம் வைத்தோம். விளம்பரத்தில் அவர் பெயர் முதலில் வரும்.

கடைசியாக நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்: அந்த ஸ்டைல்களை மல்லாவியில் இருக்கிற மச்சானுக்குப் பென்ட்ரைவில் கொடுத்தீர்கள். எங்களுக்கு இது குற்றமாகவே தோன்றாது, ஏனென்றால் நாங்கள் கசெற்றின் மேல் கசெற் பதிந்துதான் இசை படித்தவர்கள். கடையே இல்லாத காலத்தில் பகிர்வதுதான் பள்ளிக்கூடம். ஒரு தாள வடிவமோ சுரக்கோர்வை முறையோ எண்ணம் என்ற அளவில் யாருக்கும் சொந்தமல்ல, எண்ணத்துக்குப் பாதுகாப்பில்லை என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவே சொல்கிறது. ஒரு ஸ்டைல் கோப்பு எந்த இடத்தில் எண்ணத்தைத் தாண்டி ஆக்கமாகிறது என்பது இன்னும் வழக்கில் தீராத கேள்வி. இன்ட்ரோ, மெயின், ஃபில்-இன், எண்டிங் என்று ஒருவர் நாள்கணக்கில் இருந்து எழுதியதை முழுக்கோப்பாகப் பிரதி எடுத்துக் கொடுப்பது மீறல் பக்கம்தான் சாயும் என்பது என் எண்ணம். மச்சானிடம் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள். முறைப்பாடு கொடுத்த பிறகு டோன் விற்றவர் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாக இருக்கும்.

பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, விளம்பரத்தின் படம், டெமோ வீடியோவின் பிரதி, வட்ஸ்அப் உரையாடல், கோப்பின் அளவும் திகதியும் தெரிகிற படம் ஆகியவற்றை இன்றைக்கே எடுத்து வையுங்கள், டெமோவை அவர் நாளைக்கு அழித்துவிடலாம். பிறகு விற்றவருக்கு எழுத்தில் இரண்டு கிழமை தவணை கொடுங்கள்: ஒன்றில் காசு, அல்லது டெமோவில் கேட்ட டோன் எஸ்எக்ஸ்600இல் வாசிக்கக் கூடியதாக. அதற்குள் பதில் இல்லாவிட்டால் அதிகாரசபைக்குக் கடிதம். வாங்கிய திகதியை நீங்கள் எழுதவில்லை, மூன்று மாதத்தை எண்ணிப் பாருங்கள். நெருங்கிவிட்டதென்றால் தவணை கொடுக்காமல் கடிதத்தை முதலில் அனுப்புங்கள். லைன் அவுட்டில் சரியாகப் பதிய மிக்சர் இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீபோட்டைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு வாருங்கள். பின்னேரம் நான் வீட்டில்தான் இருப்பேன்.